வானம் பார்த்த சிம்பன்சிகள்

பள்ளி விடுமுறை நாளில் தோட்டத்து லயத்துப் பக்கம் போனால், ரம்புத்தான் மரத்தில் ஒரு பிள்ளையாவது தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். "இறங்குடா, விழுந்து கையை ஒடிச்சுக்கப் போறே!" என்று தாய் கீழே நின்று கத்துவாள். பிள்ளை இன்னும் ஒரு கிளை மேலே போவான். மரம் ஏற நம் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. அண்ணன் ஏறினான், பார்த்த தம்பியும் ஏறினான். அவ்வளவுதான்.

மனிதப் பிள்ளைக்கே இப்படியென்றால், மரத்திலேயே உண்டு மரத்திலேயே உறங்கும் சிம்பன்சிக்கு மரம் ஏறுவது ஒரு பெரிய காரியமா? இல்லை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆஸ்திரியா நாட்டில் எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பார்க்கும் வரையில்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். வியன்னா நகருக்கு அருகே கென்சர்ன்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு பெரிய கட்டடம். அதன் சுவரில் இருந்த சிறிய கதவு திறக்கப்படுகிறது. வெளியே பச்சைப் புல்வெளி. நட்டு வைத்த உயரமான மரக்கம்பங்கள். மேலே வெறும் வானம். கதவோரத்தில் சில சிம்பன்சிகள் வந்து நிற்கின்றன. ஓடி வரவில்லை. ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டு சிம்பன்சிகள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொள்கின்றன. பல்லெல்லாம் தெரிய வாயைத் திறந்து, பிறகு மெல்ல, மிக மெல்ல, ஒரு கை புல்லின் மேல் படுகிறது.

அந்தச் சிம்பன்சிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வெளி வானத்தின் கீழ் நின்றதில்லை.

முப்பது ஆண்டுகள் எங்கே போயின?

சிம்பன்சி என்பது வாலில்லாத மனிதக் குரங்கு. நம் நாட்டு ஓராங் ஊத்தானுக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதனுக்கு வரும் நோய்கள் பல அதற்கும் வரும். அதுவே அதற்குச் சாபமாக முடிந்தது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து சிம்பன்சிக் குட்டிகள் பிடிக்கப்பட்டு ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. குட்டியைத் தாய் எளிதில் விட்டுக் கொடுக்காது. ஆகவே தாயைச் சுட்டு வீழ்த்திவிட்டுத்தான் மார்பில் ஒட்டியிருக்கும் குட்டியைப் பிரித்தெடுப்பார்கள். அந்த வணிகத்தின் முறையே அதுதான். வந்த குட்டிகள் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கூண்டுக்குக் கூண்டு பிரித்து அடைக்கப்பட்டன. கல்லீரல் அழற்சிக் கிருமி, பின்னர் எய்ட்ஸ் கிருமி என்று உடலில் ஏற்றி, மருந்து பார்த்தார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்த நிறுவனம் கைமாறியது. வாங்கியவர்கள் சிம்பன்சி ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். அவற்றை ஒரு விலங்குப் பூங்காவில் வைத்து, வெளியே உலாவத் திடலும் கட்டித் தருவதாக ஏற்பாடு. விதியைப் பாருங்கள்! திடல் கட்டி முடியுமுன் 2004-ஆம் ஆண்டில் அந்தப் பூங்கா நொடித்துப் போயிற்று. சிம்பன்சிகள் உள்ளேயே காத்திருந்தன. 2009-இல் 'கூட் ஐடர்பிக்கில்' என்ற விலங்கு நல அமைப்பு பொறுப்பேற்று, இரண்டாண்டுக்குப் பிறகுதான் நான் மேலே சொன்ன கதவு திறந்தது.

உள்ளே இருந்தவை நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. குட்டிகளாக வந்தவை நடுவயதைத் தாண்டியிருந்தன. ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்திலேயே அவற்றைப் பார்த்துக்கொண்ட பெண்மணி ஒருவர், வேலையை விட்டுப் போகாமல் அவற்றோடு கூடவே வந்தவர், அந்தக் கதவு திறக்கும் நாள் வரை உடன் இருந்தார். அவர் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும்!

உயரம் என்பது விளையாட்டு மட்டுமா?

காட்டுச் சிம்பன்சியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் பழம் தேடி மரம். வெயிலேறினால் தரையில் இறங்கிக் கைவிரல் முட்டிகளை ஊன்றி நடை. மாலையில் மறுபடியும் மரம். ஒவ்வோர் இரவும் கிளைகளை வளைத்து, இலைகளைப் பரப்பி, புதிதாக ஒரு கூடு கட்டிப் படுக்கும். நேற்றுக் கட்டிய கூட்டில் இன்று படுப்பது அரிது. இந்தக் கூடு கட்டும் வித்தையைக் குட்டி தன் தாயின் அருகிலிருந்து ஆண்டுக் கணக்கில் பார்த்துப் பழகுகிறது. நாலைந்து வயது வரை தாயை விட்டுப் பிரியாத பிள்ளை அது.

இப்படிப்பட்ட உயிருக்கு என்ன வீடு கொடுத்தார்கள்? பெரிய உருவமுள்ள மனிதக் குரங்கு ஒன்றுக்கு, கூண்டின் தரை ஏறத்தாழ ஐந்தடிக்கு ஐந்தடியும் உயரம் ஏழடியும் இருந்தால் போதும் என்று அமெரிக்க விதிகள் கூறின. நம் லயத்து வீட்டுக் குளியலறை இதைவிடப் பெரிது. எழுந்து நின்று கையை உயர்த்தினால் கம்பி. ஏறுவதற்கு இடமில்லை, ஓடுவதற்கு இடமில்லை, சண்டை வந்தால் ஒதுங்கவும் இடமில்லை.

இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. சிம்பன்சிகள் கூட்டமாக வாழ்பவை. கூட்டத்தில் மூத்தவன், இளையவன், மூர்க்கன், சாது என்று எல்லாரும் இருப்பார்கள். மூர்க்கன் சீறும்போது சாது என்ன செய்யும்? மேலே ஏறிவிடும். கோபம் தணிந்ததும் இறங்கி வந்து, கையை நீட்டி, கட்டிக்கொண்டு சமாதானம் செய்துகொள்ளும். ஆகவே ஏணியும் கயிறும் உயர்ந்த மேடையும் சிம்பன்சிக்குப் பொழுதுபோக்குப் பொருள்கள் அல்ல. அவை அதற்குப் புகலிடம். நாலு பேர் வாழும் வீட்டில் கோபம் வந்தால் போய் உட்கார ஒரு திண்ணை வேண்டுமல்லவா, அதுபோல.

விளையாட்டும் அப்படித்தான். சிம்பன்சிகள் ஒன்றையொன்று துரத்தும், காலைப் பிடித்து இழுக்கும், கூச்சம் காட்டும். அப்போது வாயைத் தளரத் திறந்து, மூச்சிரைப்பது போல் ஓர் ஒலி எழுப்பும். அதுதான் அவற்றின் சிரிப்பு. குட்டிகள் மட்டுமல்ல, முப்பது நாற்பது வயதானவையும் சிரிக்கும். ஆனால் தனிக் கூண்டில் இருப்பது யாரோடு விளையாடும்? பல ஆண்டுகள் தனித்திருந்த சிம்பன்சிகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். தம் முடியைத் தாமே பிடுங்கிக்கொள்ளும்.

வழக்குத் தொடுத்த ஒரு பெண்

ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் 'சிம்ஃபுன்ஷி' என்று ஒரு காப்பகம் உண்டு. மாட்டுப் பண்ணை நடத்திய டேவிட் சிடில், ஷீலா சிடில் என்ற தம்பதியரிடம் 1983-ஆம் ஆண்டில் முகத்தில் காயத்துடன் ஒரு சிம்பன்சிக் குட்டி ஒப்படைக்கப்பட்டது. அதற்கு 'பால்' என்று பெயரிட்டுப் பிழைக்க வைத்தார்கள். செய்தி பரவியது. அடுத்தடுத்து அனாதைக் குட்டிகள் வந்தன. பண்ணை காப்பகமாயிற்று. பல நூறு ஏக்கர் காட்டையே சுற்றி வளைத்து அவற்றுக்கு விட்டுக் கொடுத்தார்கள்.

அங்கே போய், தனித்து வளர்ந்த சிம்பன்சிகளை எப்படிக் கூட்டத்தில் சேர்ப்பது என்பதை ஆராய்ந்தவர் கேரல் நூன் என்ற அமெரிக்கப் பெண்மணி. நாடு திரும்பியவருக்கு ஒரு செய்தி காத்திருந்தது. அமெரிக்க விமானப்படை தன்னிடமிருந்த சிம்பன்சிகளைக் கைகழுவப் போகிறது என்பதே அது.

விமானப்படைக்குச் சிம்பன்சி எதற்கு என்று கேட்பீர்கள். மனிதனை வானுக்கு அனுப்புமுன் சிம்பன்சியை அனுப்பிப் பார்த்தார்கள். 1961 ஜனவரி 31-ஆம் நாள் 'ஹாம்' என்ற சிம்பன்சி ராக்கெட்டில் சென்று உயிருடன் திரும்பியது. அதே ஆண்டு நவம்பரில் 'ஈனோஸ்' பூமியையே சுற்றி வந்தது. அந்தத் திட்டத்திற்காகக் கொண்டுவரப்பட்டவையும் அவற்றின் வழித்தோன்றல்களும் பிறகு மருத்துவ ஆய்வுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த குடும்பத்துக்குக் கிடைத்த ஓய்வூதியம் அது!

அந்தச் சிம்பன்சிகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்திடமே கொடுக்க விமானப்படை முடிவு செய்தது. கேரல் நூன் 1997-இல் ஒரு காப்பக அமைப்பைத் தொடங்கி, விமானப்படை மீது வழக்குத் தொடுத்தார். இறுதியில் சமரசம் ஏற்பட்டு, 21 சிம்பன்சிகள் அவர் பொறுப்பில் வந்தன. புளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் பியர்ஸ் என்னும் ஊரில் அவற்றுக்கென ஒரு தீவு அமைத்தார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். 2002-ஆம் ஆண்டில் அந்த அலமகோர்டோ ஆய்வுக்கூடமே மூடும் நிலைக்கு வந்தது. "கட்டடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், சிம்பன்சிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற நிலை. உள்ளே இருந்தவை 266! இருபத்தொன்றைக் கேட்டவருக்கு இருநூற்று அறுபத்தாறு.

அவர் ஏற்றுக்கொண்டார். அவற்றை உடனே புளோரிடாவுக்கு ஏற்றிவிட முடியாது. தனித்தனியாக இருந்தவற்றை முதலில் குடும்பமாக்க வேண்டும். ஆகவே கூண்டுக்கும் கூண்டுக்கும் இடையே சுவரை உடைத்து வழி வைத்தார்கள். பழங்கள் வந்தன, போர்வைகள் வந்தன. ஒன்றுக்கு ஒன்றாக, இரண்டுக்கு ஒன்றாக அறிமுகம் செய்து, கூட்டம் சேர்ந்த பிறகு, தனியாக வடிவமைத்த வண்டியில் பத்துப் பத்தாக ஏற்றி நாட்டின் குறுக்கே கொண்டு சென்றார்கள். கடைசி வண்டி புளோரிடா வந்து சேர்ந்தது 2011-இல். கேரல் நூன் அதைக் காணவில்லை. 2009 மே மாதம் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஃபோர்ட் பியர்ஸில் இப்போது பன்னிரண்டு தீவுகள். ஒவ்வொன்றும் மூன்று ஏக்கர். சுற்றிலும் நீர். கம்பி வேலிக்குப் பதில் நீரை ஏன் வைத்தார்கள் என்றால், சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது. அதன் கட்டான உடல் நீரில் மிதக்காது. சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்குச் சென்றவர்கள் இந்த அகழி முறையைப் பார்த்திருப்பீர்கள். கூண்டுக்குள் இருக்கிறோம் என்ற நினைவு அதற்கும் வராது. பார்க்கிற நமக்கும் வராது.

பொம்பாக்காரர் தந்த தூளி

சரி, தீவு தயார். நாலு மரத்தை நட்டால் போதாதா?

போதாது. சிம்பன்சி இருக்கும் இடத்தில் இளமரம் தழைப்பது கடினம். இலையைத் தின்னும், பட்டையை உரிக்கும், கொம்பை முறித்து எதிரியின் முன் வீசிக் காட்டும். முதிர்ந்த மரம் நிறைந்த காடு இருந்தால் தப்பித்தது. அது இல்லாத இடத்தில் மனிதன்தான் மரத்துக்குப் பதில் ஒன்றைக் கட்ட வேண்டும். அதனால் மின்கம்பம் போன்ற தடித்த கம்பங்களை ஆழ ஊன்றி, இடையிடையே மேடை அமைத்து, கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறார்கள். சாதாரணக் கயிறு சில நாளில் நாராகிவிடும். ஓர் ஆண் சிம்பன்சியின் எடை ஐம்பது கிலோவுக்கு மேல் போகும். அதன் கைவலுவுக்கு முன் நம் மல்யுத்த வீரர்களும் நிற்க முடியாது.

இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். பழையதாகிக் கழித்துப் போட்ட தீயணைப்புத் துணிக்குழாய்! நம் ஊரில் பொம்பா வண்டியில் சுருட்டி வைத்திருப்பார்களே, அதேதான். அதைப் பட்டையாக மடித்து, பாய் முடைவது போல் முடைந்தால் தூளி ஆகிவிடும். கம்பத்துக்குக் கம்பம் கட்டினால் தொங்குபாலம். பிரியாது, அறாது, மழையில் மட்காது. நெருப்பணைக்கப் பயன்பட்ட பொருள் ஒன்று, முதுமையில் சிம்பன்சிக்குத் தொட்டிலாகிறது.

கட்டுகிறவர்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. எதிரே இருப்பது மூளையுள்ள பிராணி. 2019 பிப்ரவரியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் விலங்குக் காட்சிசாலையில் நடந்ததைக் கேளுங்கள். புயலில் மரங்கள் முறிந்து விழுந்திருந்தன. அங்கிருந்த சிம்பன்சிகள் ஒரு நீண்ட கிளையை இழுத்து வந்து மதிலில் சாய்த்து, ஏணியாக்கி, மேலே ஏறிவிட்டன! ஒன்று வெளியேயும் இறங்கிவிட்டது. பிறகு தானாகவே உள்ளே திரும்பிப் போயிற்று. காட்சிசாலைக்கு நடந்தது காப்பகத்துக்கும் நடக்கலாம். ஆகவே கம்பம் வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தக் கிளையை வெட்டிவிட வேண்டும், கயிறு எவ்வளவு தூரம் வீசும் என்றெல்லாம் அளந்து அளந்துதான் கட்ட வேண்டியிருக்கிறது.

இத்தனையும் கட்டி முடித்து, கதவையும் திறந்து வைத்த பிறகு, செய்ய வேண்டியது ஒன்றுதான். காத்திருக்க வேண்டும். சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்த சிம்பன்சிக்குப் புல் என்பது அறியாத பொருள். காலில் குத்துகிறது, ஈரமாயிருக்கிறது, அசைகிறது. சில உடனே ஓடும். சில ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டே நடந்து பார்க்கும். சில வாசற்படியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்; நாள் போகும், மாதமும் போகும். பிடித்துத் தள்ளுவதில்லை என்பது நல்ல காப்பகங்களின் வழக்கம். இத்தனை நாள் எல்லாவற்றையும் பிறர்தான் முடிவு செய்தார்கள். வெளியே வருவதையாவது அது முடிவு செய்யட்டுமே!

காடே வீடான ஓர் இடம்

கம்பமும் குழாயும் தேவைப்படாத காப்பகமும் உண்டு. உகாண்டா நாட்டின் விக்டோரியா ஏரியில் இங்காம்பா என்றொரு தீவு இருக்கிறது. ஏறத்தாழ நூறு ஏக்கர். பெரும்பகுதி இயற்கைக் காடு. 1998-ஆம் ஆண்டில் 19 சிம்பன்சிகளோடு அங்கே காப்பகம் தொடங்கினார்கள். எல்லாம் கடத்தல்காரர்களிடமிருந்தும் சந்தைகளிலிருந்தும் மீட்ட அனாதைகள். காலையில் காட்டுக்குள் போகும்; நாள் முழுதும் மரத்தில் கழியும்; மாலையில் விருப்பமுள்ளவை இரவுக் கொட்டகைக்குத் திரும்பித் தூளியில் படுக்கும். நூறு ஏக்கர் காடு பெரிதாகத் தோன்றினாலும் அத்தனை வயிறுகளுக்கு அது போதாது. அதனால் நாளில் பலமுறை பழங்களும் காய்களும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

இந்த அனாதைக் கடத்தலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று இருந்துவிடவும் முடியாது. 2002-ஆம் ஆண்டில் நைஜீரியாவிலிருந்து நம் தைப்பிங்குக்கே நான்கு கொரில்லாக் குட்டிகள் வந்து சேர்ந்தன. அவை காட்டில் பிடிபட்டவை என்ற விவரம் வெளியானதும் உலகமெங்கும் பேச்சாயிற்று. தென் ஆப்பிரிக்கா வழியாக, 2007-ஆம் ஆண்டு இறுதியில், கேமரூன் நாட்டின் லிம்பே காப்பகத்துக்கு அவை போய்ச் சேர்ந்தன. கொரில்லாவானாலும் சிம்பன்சியானாலும் கடத்தல் பாதை ஒன்றுதான்.

முதியவர்களை என்ன செய்வது?

அமெரிக்காவில் காற்று மெல்லத் திசை மாறியது. ஆய்வுக்குப் பயன்பட்டு முடிந்த அரசாங்கச் சிம்பன்சிகளுக்கு ஓய்வுக் காப்பகம் வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதன்படி லூயிசியானா மாநிலத்தில் 200 ஏக்கர் பைன் மரக்காட்டில் 'சிம்ப் ஹேவன்' 2005-இல் சிம்பன்சிகளை ஏற்கத் தொடங்கியது. 2015-இல் அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தன் சிம்பன்சிகள் அனைத்துக்கும் ஓய்வு கொடுப்பதாக அறிவித்தது.

அங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. அதே அலமகோர்டோவில், அரசுக்குச் சொந்தமான வேறொரு கூடத்தில் இன்னும் 44 சிம்பன்சிகள் இருந்தன. பெரும்பாலும் வயதானவை, இருதய நோய், நீரிழிவு என்று உடல் நலிந்தவை. இவை பயணத்தைத் தாங்க மாட்டா. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று 2019-இல் அதிகாரிகள் முடிவு செய்தார்கள்.

எதிர்ப்புக் கிளம்பியது. விலங்கு நல அமைப்புகள் நீதிமன்றம் போயின. சட்டம் சொன்ன காப்பகத்துக்கு அவற்றை அனுப்ப மறுப்பது அந்தச் சட்டத்துக்கே ஒவ்வாது என்று 2022 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது எளிது. ஆனால் மருத்துவர்களின் அச்சம் பொய்யன்று. மயக்க ஊசி போட்டு, வண்டியில் ஏற்றி, முன்பின் தெரியாத கூட்டத்தில் விட்டால், பலவீனமான இருதயம் நின்றுபோகலாம். தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில், "இந்த வயசில் நான் எங்கேப்பா போறது?" என்று லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்ட கிழவர்களை அறிந்தவர்கள் நாம். பழகிய இடத்துக்கும் ஓர் அருமை உண்டு.

ஆனால் அந்தக் கிழவர்கள் தோட்டத்தை நேசித்தார்கள். அங்கே மணமுடித்து, பிள்ளை பெற்று, கோயில் கட்டி வாழ்ந்தார்கள். ஆராய்ச்சிக் கூடத்துச் சிம்பன்சி அந்தக் கூடத்தை நேசித்ததா? வேறொன்றைக் கண்டதே இல்லை என்பதால் அது அங்கே இருந்தது. கண்டபின் வேண்டாம் என்று சொன்னால் அது வேறு. என் மனம் கதவைத் திறக்கும் பக்கமே சாய்கிறது. ஒரே ஒரு மாதம் கிடைத்தாலும் அது அந்தச் சிம்பன்சியின் மாதம். ஆனால் ஊசியைக் கையில் பிடித்து நிற்கும் மருத்துவருக்கு இப்படி எழுதிவிட்டுப் போகும் வசதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குன்றின் மேல் ஏழு பேர்

கடைசியாக ஒரு சிறிய குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டல் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 90 மைலில், மலையடிவாரத்தில் கிளீ எலம் என்ற ஊர். அங்குள்ள காப்பகத்துக்கு 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏழு சிம்பன்சிகள் வந்தன. ஆறு பெண்கள், ஓர் ஆண். சன்னலில்லாத நிலவறையில் இருந்து வந்தவை. தடுப்பூசி ஆய்வுக்கும், குட்டி ஈனவும் பயன்படுத்தப்பட்டவை.

முதலில் விளையாட்டு அறையும் சிறிய வெளிக்கூடும்தான் இருந்தன. 2011-இல் இரண்டு ஏக்கர் குன்று ஒன்று, சுற்றி மின்வேலியுடன், அவற்றுக்குத் திறந்துவிடப்பட்டது. உயரமான கம்பங்கள், மேடைகள், பாலங்கள். பனிக்காலத்தில் குன்று முழுதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அப்போதும் சில ஓடிப்போய் ஒரு பிடி பனியை அள்ளித் தின்றுவிட்டு, குளிர் தாங்காமல் உள்ளே ஓடி வரும்.

அந்த ஏழில் 'ஃபாக்ஸி' என்று ஒருத்தி. ("அது" என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்தருள்க.) ஆய்வுக் கூடத்தில் அவள் ஈன்ற பிள்ளைகளை அவளிடமிருந்து பிரித்துக்கொண்டார்கள். காப்பகத்துக்கு வந்தபின் தலைமுடி சிலிர்த்து நிற்கும் ஒரு சிறு பொம்மை அவள் கையில் கிடைத்தது. அன்று முதல் பொம்மை இல்லாமல் அவள் இல்லை. முதுகில் சுமப்பாள், முத்தமிடுவாள், கால் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கம்பம் ஏறுவாள். வேலிக்கு வெளியே நிற்கும் பராமரிப்பாளரிடம் பொம்மையை வீசி எறிவாள். அவர்கள் திருப்பி எறிய வேண்டும். எறிந்தால் ஓடிப்போய் எடுத்து, மறுபடி எறிவாள். கையை விட்டுப் போனது திரும்பி வரும் என்பது எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அலுப்பதில்லை.

இன்னொருத்தி 'ஜேமி'. சிறு வயதில் வேடிக்கை காட்டப் பழக்கி, மனிதர் வீட்டில் வளர்க்கப்பட்டவள். ஒன்பது வயதானதும் ஆய்வுக்கூடத்துக்கு விற்றுவிட்டார்கள். அவளுக்குக் காலணி என்றால் உயிர், அதிலும் முழங்கால் வரை வரும் மாட்டுக்காரர் பூட்ஸ். குன்று திறந்தபின் அவளுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. பூட்ஸ் ஒன்றைக் கையிலோ காலிலோ மாட்டிக்கொண்டு, வேலியோரமாகக் குன்றைச் சுற்றி ஒரு நடை போவாள். பராமரிப்பாளர் வேலிக்கு வெளியே அவளோடு சேர்ந்து நடக்க வேண்டும். அவர்கள் காலிலும் அவளுக்குப் பிடித்த பூட்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலைச் சுட்டிக்காட்டி, போய் மாட்டிக்கொண்டு வரும்படி சைகை செய்வாள். காலைப் பெரட்டு முடிந்து மலை சுற்றப் புறப்படும் கங்காணியைப் போல அவள் முன்னே நடப்பாள். மழையானாலும் வெயிலானாலும் அவள் ஒரு சுற்று முடித்ததும், அநேகமாக, இன்னொரு சுற்றுக்குக் கை காட்டுவாள். அவர்களும் பூட்ஸைச் சரிசெய்துகொண்டு பின்னால் நடப்பார்கள்.